தூளியா, பாயா, தொட்டிலா: முதல் வருடம் பிள்ளையை எங்கே கிடத்துவது?

பிள்ளை பெற்று வந்த பத்துப் பதினைந்து நாளில் வீட்டுக்குள் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். பாட்டி தலையை நிமிர்த்தி உத்தரத்தைப் பார்ப்பார், தூளி கட்ட எந்த இடம் தோது என்று. பிள்ளையின் அப்பா கும்பகோணம் கடைத்தெருவில் பார்த்துவந்த ஸ்பிரிங் தொட்டிலைப் பற்றிச் சொல்வார். பெற்றவளுக்கு ராத்திரி நாலைந்து தரம் எழுந்து போக உடம்பில் தெம்பு இருக்காது. பக்கத்திலேயே பாயில் கிடந்தால் போதும் என்றிருக்கும்.

மூன்று பேர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று விதமான நேரம் இருக்கிறது: ராத்திரித் தூக்கம், பகல் தூக்கம், விழிப்பு. மூன்றையும் ஒரே இடத்தில் கழிக்கவைக்கும்போதுதான் தப்பு நடக்கிறது. ராத்திரிக்கு, அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் பிள்ளைக்கென்று தனி விரிப்பு. விழித்திருக்கும்போது மடி, அல்லது தரை. தூளி பகலில் மட்டும், அதுவும் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மரத் தொட்டில் இருந்தால் ராத்திரி விரிப்புக்கு அது மாற்று. ஸ்பிரிங் தொட்டில் வேண்டாம்.

தூளிக்குள் என்ன நடக்கிறது

தூளியைக் குறை சொல்வதற்கு முன் அதன் அருமையைச் சொல்லியாக வேண்டும். துணி முதுகைச் சுற்றி அணைக்கிறது, வெளிச்சம் மங்குகிறது, மெல்ல ஆடுகிறது. வயிற்றுக்குள் பத்து மாதம் பழகிய நிலைக்கு இதைவிடப் பக்கத்தில் வரும் படுக்கை கிடையாது. ஆறாவது வாரத்தை ஒட்டிச் சாயங்கால அழுகை உச்சத்துக்குப் போகும்போது பல வீடுகளில் தூளிதான் கைகொடுக்கிறது. சித்திரை வெயிலில் மின்சாரம் போனாலும் நூல் துணிக்குள் காற்று ஓடும். செலவும் ஒரு பழைய புடவைதான்.

இனி ஒரு பிற்பகல். மணி மூன்று, தூளிக்குள் ஐந்து வாரப் பிள்ளை. மூடிய இமைக்குள் விழி உருளுகிறது. வாய் சப்புக்கொட்டுகிறது. தலை ஒரு பக்கம் திரும்பி எதையோ தேடுகிறது. முஷ்டி வாய்க்குப் போகிறது. பசி என்று பிள்ளை சொல்லும் முறை இதுதான். அழுகை கடைசியில் வருவது. மடியிலோ பாயிலோ கிடந்தால் இதைப் பார்த்துவிடுவோம். தூளிக்கு வெளியே அழுகை மட்டும்தான் கேட்கும். கேட்டதும் ஒரு கை கயிற்றை இழுக்கும், பிள்ளை மறுபடி அசந்துவிடும். பெற்றவள் எழுந்து வந்தால், "நல்லா அசந்து தூங்குது, ஏம்மா எழுப்புற?" என்பார்கள்.

பச்சைப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 தரம் பால் வேண்டும். ஆட்டி ஆட்டி இரண்டு மூன்று தரம் தள்ளிப்போனால் பிள்ளையின் எடை நிற்கும், உறிஞ்சாததால் தாயின் சுரப்பும் குறையும். பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் பிள்ளை மீட்டுவிட வேண்டும். அதன்பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போய் எடை போட்டால் முள் நகர்ந்திருக்காது. "தாய்ப்பால் பத்தலை" என்று தீர்ப்பு வந்துவிடும், புட்டிப்பால் உள்ளே வந்துவிடும். பால் பத்தாமல் போனதற்குத் தூளிக் கயிறு காரணம் என்று யாருக்கும் தோன்றாது. மனதை வருத்தும் தவறு இது, ஏனென்றால் வீட்டில் எல்லோரும் அன்போடுதான் அதைச் செய்கிறார்கள்.

ஆகவே தூளி வீட்டுக்கு முதல் விதி: கயிற்றைத் தொடுமுன் துணியை விலக்கி முகத்தைப் பாருங்கள். பிறந்த எடையை மீட்கும்வரை பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல், ராத்திரியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல் எழுப்பிப் பால் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு தரம் பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தோலையும் கண்ணின் வெள்ளையையும் பாருங்கள். இருட்டறையில், அதுவும் மஞ்சள் புடவைத் தூளிக்குள், மஞ்சள் காமாலை கண்ணில் படாது.

குறிப்பறிந்து பால் கொடுத்தால் பிள்ளை செல்லம் கெட்டுவிடும் என்ற பயமும் சில வீடுகளில் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் சில்வியா பெல், மேரி ஐன்ஸ்வொர்த் இருவரும் 26 தாய்மாரையும் அவர்கள் பிள்ளைகளையும் முதல் வருடம் முழுக்க அவரவர் வீட்டிலேயே கவனித்து 1972-இல் எழுதினார்கள். முதல் மாதங்களில் அழுகைக்கு உடனுக்குடன் ஆள் போன பிள்ளைகள், வருடக் கடைசியில் மற்றவர்களைவிடக் குறைவாக அழுதார்கள். கூப்பிட்டால் வருவார்கள் என்று தெரிந்த பிள்ளை கத்திக் கூப்பிட வேண்டியதில்லை.

தூளியின் அடுத்த குறை மூச்சு. பச்சைப் பிள்ளைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்தில் பலம் கிடையாது. துணியின் வளைவில் முதுகு கூன, தாடை நெஞ்சில் முட்டும். அந்த வயதில் மூச்சுக்குழாய் மெல்லியது, மடங்கினால் சுருங்கிவிடும். தலையைத் தூக்கித் தன்னை விடுவித்துக்கொள்ளப் பிள்ளைக்குத் தெரியாது, சத்தமும் வராது. அமெரிக்காவில் 10 பாகைக்கு மேல் சாய்வுள்ள குழந்தைப் படுக்கைகளை 2022-இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். தூளியின் வளைவு அதைவிடப் பல மடங்கு. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரலாவது தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள். பால் குடித்ததும் தூளியில் போடக்கூடாது. தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்திருந்து, பிறகு கிடத்துங்கள்.

சில பிள்ளைகளுக்குத் தூளி அறவே ஆகாது. 37 வாரம் முடியாமல் பிறந்தவர்கள், இரண்டரை கிலோவுக்குக் குறைந்தவர்கள், சளி கட்டி மூச்சு கர்கர் என்பவர்கள், தூக்கினால் துணிபோலத் துவளும் பிள்ளைகள். எடை குறைந்தவர்களுக்குச் சிறந்த படுக்கை தாயின் நெஞ்சு. டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு, தோலோடு தோலாக நெஞ்சில் நிமிர்த்திக் கட்டி, முகம் ஒரு பக்கமாகத் திரும்பி மூக்கு திறந்திருக்கும்படி வைப்பது. பிறந்த உடனேயே தொடங்கி ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் இப்படி வைக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. அப்பாவின் நெஞ்சும் பாட்டியின் நெஞ்சும் இதற்கு ஆகும். வைத்திருப்பவர் சாய்ந்து விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுவதென்றால் இப்படி

நூல் புடவைதான். பட்டும் பாலியெஸ்டரும் வழுக்கும், முடிச்சு நழுவும், காற்றும் புகாது. பழசு மென்மையாக இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இழை விலகியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஓட்டு வீட்டு உத்தரத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்துப் பொத்தென்று கேட்டால் உள்ளே கரையான். மாடி வீட்டில் தூளிக்கென்று தனிக் கொக்கி வேண்டும், மின்விசிறிக் கொக்கியில் பங்கு போடக்கூடாது. கட்டி முடித்ததும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை அதில் வைத்து ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, நாலைந்து தரம் ஆட்டியும் பாருங்கள். கயிறு அறுவது பெரும்பாலும் உத்தரத்தில் உரசும் இடத்தில்தான். அந்த இடத்தைத் தினமும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

அடித்துணி தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடிக்கு மேல் போகவேண்டாம். கீழே ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள். ஆடும் வீச்சுக்குள் சுவர் முனை, அம்மி, அரிவாள்மணை எதுவும் இருக்கக்கூடாது. மேலே துணி ஒன்றுசேர்ந்து முகத்தை மூடாமல் இருக்கக் குறுக்கே ஒரு கட்டை வைப்பார்கள் அல்லவா, அதன் இரண்டு முனையையும் கயிற்றோடு கட்டிவிடுங்கள். சும்மா செருகிவைத்த கட்டை ஆட்டத்தில் நழுவி நேராகப் பிள்ளையின் தலையில்தான் விழும். புடவையை அகலமாக விரித்து, பிள்ளையை மூலைவாட்டில் கிடத்தினால் முதுகின் வளைவு குறையும். கால்கள் தவளை மாதிரி மடங்கி அகன்றிருக்கட்டும். காலை நேராக நீட்டி இறுகச் சுற்றினால் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போக வாய்ப்பு உண்டு. தலையணை, மேலே இன்னொரு துணி, தூளிக்குள் சாம்பிராணிப் புகை மூன்றும் வேண்டாம். குளிப்பாட்டியபின் ஈரம் போகத்தான் புகை என்பார்கள். துண்டால் ஒற்றி எடுத்தால் ஈரம் போய்விடும், புகை மட்டும் நுரையீரலுக்குப் போகும்.

அசந்து கால் மணி நேரம் ஆனதும் பாய்க்கு மாற்றிவிடலாம். முதலில் புட்டம் படட்டும், பிறகு முதுகு, கடைசியில் தலை. உள்ளங்கையை நெஞ்சில் ஒரு நிமிஷம் வைத்திருந்து மெதுவாக எடுங்கள். நாலாவது மாதத்துக்கு முன்பே இதைப் பழக்கிவிடுவது நல்லது. ஆட்டத்திலேயே தூங்கிப் பழகிய பிள்ளை தூக்கம் கலையும் ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தைக் கேட்கும். அதன்பிறகு ராத்திரி முழுக்க யாராவது ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நாலு, ஐந்து மாதத்தில் பிள்ளை குப்புற விழத் தொடங்கியதும் தூளியின் காலம் முடிந்தது. துணியைப் பிடித்து எழ முயலும் பிள்ளையைத் தூளியில் விட்டால் தலைகீழாக விழும்.

ராத்திரிக்குப் பாய்

முதல் ஆறு மாதமாவது பிள்ளை பெற்றோர் தூங்கும் அறையிலேயே, ஆனால் தனி விரிப்பில் தூங்குவது பாதுகாப்பு. நம் வீடுகளில் இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கோரைப் பாய், அதன்மேல் மடித்த ஜமக்காளம், அதன்மேல் நான்கு பக்கமும் இழுத்துச் செருகிய பருத்தித் துணி. கையால் அழுத்தினால் குழி விழக்கூடாது. புது இலவம்பஞ்சு மெத்தை குழி விழும். கயிற்றுக் கட்டில் அதைவிட மோசம், நடுவில் தொய்ந்து பிள்ளை பெரியவர் பக்கம் உருண்டுவிடும். மல்லாக்கக் கிடத்துங்கள், எல்லாத் தூக்கத்துக்கும். கடுகுத் தலையணையும் வேண்டாம். தலை தட்டையாவது ஒரே பக்கம் பார்த்துக் கிடப்பதால்தான். ஒரு நாள் தலைமாடு கிழக்கே, மறுநாள் மேற்கே என்று மாற்றினால் பிள்ளை வெளிச்சத்தையும் அம்மாவையும் தேடித் தானே இரண்டு பக்கமும் திரும்பும். ஒரு பக்கம் மட்டும் திரும்பவே மாட்டேன் என்றால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு முழம் இடம். பால் கொடுத்ததும் பிள்ளை தன் விரிப்புக்குத் திரும்ப வேண்டும். படுத்தபடி கொடுக்கும்போது கண் செருகிவிடுவது யாருக்கும் நடக்கும். அப்படி நடந்தாலும் ஆபத்து குறைய, பெரியவர்களின் தலையணை, போர்வை, அவிழ்த்த கூந்தல், தாலிச் சரடு எதுவும் பிள்ளையின் முகத்தருகில் இராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருவர் நடுவில் பிள்ளை வேண்டாம். குடித்துவிட்டு வந்தவரும், தூக்கம் வரும் மருந்து சாப்பிட்டவரும் அந்தப் பாயில் படுக்கவே கூடாது. இதில் முகதாட்சண்யம் பார்க்க இடமில்லை. பீடி, சிகரெட் பிடிப்பவருக்கும் தனிப் படுக்கைதான். சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் பிள்ளையோடு கண்ணயர்வது எல்லாவற்றையும்விட ஆபத்து, இடுக்கில் சரிந்து மூச்சு அடைத்துவிடும்.

சிசேரியன் ஆன தாய்க்குத் தரைப் பாய் முதல் சில வாரம் கொடுமை. குனிந்து எழும் ஒவ்வொரு தடவையும் தையல் இழுக்கும். அவருக்குத் தாழ்ந்த மரக் கட்டில், பக்கத்தில் கட்டிலுயரத்துக்கு மரத் தொட்டில். அல்லது கட்டில் பக்கத்தில் தரையில் பாட்டியோ அப்பாவோ படுத்து, பிள்ளையை எடுத்துக் கொடுக்கட்டும். அந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டால் நல்லது. ராத்திரி எழுந்து துணி மாற்றும் கை எதுவென்று பிள்ளைக்குத் தெரியும்.

டெல்டாவில் தரைப் படுக்கைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வயலும் வாய்க்காலும் கொல்லைப்புறம் வரை வருகின்றன, எலி வருகிறது, எலிக்குப் பின்னால் பாம்பு வருகிறது. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு, தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். கடித்த வலி பெரிதாகத் தெரியாது, பல்தடமும் சில சமயம் தெரியாது. அதனால் தரையில் படுப்பதென்றால் கொசுவலை கட்டாயம், வலையின் விளிம்பை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகியிருக்க வேண்டும். சும்மா தொங்கவிட்ட வலை கொசுவுக்கும் காப்பில்லை, பாம்புக்கும் காப்பில்லை. கதவடி இடுக்கைத் துணியால் அடைக்கவும். வைக்கோலும் விறகும் படுக்கையறைச் சுவரை ஒட்டி அடுக்கக்கூடாது. வலை இருந்தால் கொசுவர்த்திப் புகையும் மிச்சம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சிமெண்டுத் தரை கசியும். பாய்க்கு அடியில் தார்ப்பாய் ஒன்று விரித்து, வெயில் அடிக்கும் நாளில் பாயை எடுத்துக் காயவைத்தால் பூஞ்சை பிடிக்காது. மழைக்குப் பயந்து பிள்ளையைப் பொதிந்துவிடுவதும் நடக்கிறது. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணி அதிகம். தூங்கும்போது வீட்டுக்குள் தொப்பி வேண்டாம்.

விழித்திருக்கும் நேரம்

தூளியும் தொட்டிலும் தோற்றுப்போகும் இடம் இது. புதிதாய்ப் பிறந்த பிள்ளைக்கு ஒரு சாண் தூரம், கொஞ்சம் கூட, அதுவரைதான் தெளிவாகத் தெரியும். மடியில் பால் குடிக்கும்போது தாயின் முகம் சரியாக அந்தத் தூரத்தில் இருக்கிறது. தூளிக்குள் அதே தூரத்தில் புடவைத் துணிதான் இருக்கிறது. ஆறு, எட்டு வாரத்தில் வரும் முதல் சிரிப்பு யார் முகத்தையாவது பார்த்து வரவேண்டிய சிரிப்பு. பிள்ளை "ங்கா" என்றால் நீங்களும் "ங்கா" என்று சொல்லி, பேச்சை நிறுத்தி, பத்து எண்ணும்வரை காத்திருங்கள். மறுபடி ஒரு "ங்கா" வரும். பேச்சு தொடங்குவது இப்படித்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ கொட்டாவி விட்டாலோ போதும் என்று பொருள், அப்போது விட்டுவிட வேண்டும். தாலாட்டுக்கும் இதே நியாயம்தான். போனில் ஓடும் தாலாட்டு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சுருதியைக் குறைக்காது. ஒரு வயதுவரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது.

அதே வழிகாட்டுதலில் இன்னும் இரண்டு கணக்கு. தவழாத பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் ஒரு நாளைக்கு மொத்தம் 30 நிமிஷமாவது குப்புறக் கிடக்க வேண்டும். ஒரே இடத்தில் கட்டுண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. முதல் வாரத்தில் உங்கள் நெஞ்சின்மேல் ஒன்றிரண்டு நிமிஷம் குப்புறப் போடுவதில் தொடங்கலாம். பிறகு பாயில் மூன்று முதல் ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தரம். பால் குடித்த வயிற்றோடு வேண்டாம், துணி மாற்றியதும் தோதான நேரம். நீங்களும் எதிரே குப்புறப் படுத்தால் உங்கள் முகத்துக்காகத் தலையைத் தூக்கும். முகத்தைத் தரையில் புதைத்து அழுதால் அன்றைக்கு அதுவே போதும். குப்புறப் போட்ட பிள்ளையை விட்டு எழுந்து போகக்கூடாது, அப்படியே தூங்கிவிட்டால் மல்லாக்கத் திருப்ப வேண்டும்.

பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று பெயர். ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, இரண்டு கையையும் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது. ஒன்பதாம் மாதம் உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி. இரண்டும் தரையில் நடப்பவை. தொய்ந்த துணிக்குள் கையை ஊன்ற இடம் ஏது? நாள் முழுக்கத் தூளியிலும் இடுப்பிலும் இருக்கும் பிள்ளை தலை நிற்கவும் குப்புற விழவும் பிந்துவதற்குப் பல தடவை காரணம் வாய்ப்பு கிடைக்காததுதான். ஆனால் நாலு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை என்றால் தரையைக் காரணம் காட்டிக் காத்திருக்கக்கூடாது, காட்டிவிட வேண்டும்.

தொட்டில்கள்

மரத் தொட்டிலில் பார்க்க வேண்டியவை சில. கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. அதற்கு மேல் இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். மெத்தை ஓரத்தில் இரண்டு விரல் நுழையும் சந்து இருக்கக்கூடாது. பரம்பரைத் தொட்டிலென்றால் ஆணி, சிம்பு, உரியும் பெயின்ட் பார்க்கவும். ராத்திரி அதை ஆடாமல் பூட்டிவைக்க வழி வேண்டும். பிள்ளை உட்காரத் தொடங்கியதும் பக்கச் சட்டம் தாழ்ந்த தொட்டில் ஆகாது.

ஸ்பிரிங் தொட்டிலில் தூளியின் குறை அத்தனையும் உண்டு, தன் குறையும் சேர்ந்திருக்கிறது. உள்ளே வளைவு அதேதான். ஸ்பிரிங் சுருளில் அக்காள் அண்ணன்மாரின் விரல் மாட்டும். இரும்பு களைத்துப்போய் ஒருநாள் சொல்லாமல் விடும், நம்மால் அதை முன்கூட்டிப் பார்க்க முடியாது. மோட்டார் வைத்ததில் ஆட்டுவதற்குக்கூட ஆள் வேண்டாம் என்பதுதான் விளம்பரம். அந்த ஆள் குனிந்து முகம் பார்ப்பார், அதுவும் போய்விடுகிறது.

நடவு வேலைக்குப் போகிறவர்கள்

மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால், பிள்ளையை விட்டுவர வீட்டில் ஆள் இல்லாத பெண்கள் வரப்போரத்து மரத்தில் தூளி கட்டத்தான் செய்வார்கள். அவர்களிடம் "தூளி வேண்டாம்" என்று சொல்வதில் பொருளில்லை. பூவரசு, புங்கன், வேம்பில் கட்டுங்கள். முருங்கைக் கிளை சட்டென்று முறியும். மாமரத்தில் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள், கயிறு வழியே இறங்கிவிடும். நிழல் நகரும், வெயில் எந்தப் பக்கம் வரும் என்று முன்பே கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும். மருந்து அடிக்கும் நாளில் அந்த வயல் பக்கமே பிள்ளையைக் கொண்டுவரக்கூடாது. எல்லாவற்றையும்விட, நடவு ஆட்களில் வயதான ஒருவரை வரப்பில் உட்காரவைத்து அவருக்கும் கூலியில் பங்கு கொடுப்பது நல்லது. நூறு நாள் வேலைத் தளத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தும் முறை இருந்துவந்தது. தனியார் நடவிலும் அதைக் கேட்டு வாங்கலாம். பாலுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் கரையேற வேண்டும். கையையும் மார்பையும் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டு கொடுக்கவும்.

பிள்ளை தூளியில் இல்லாத நேரத்திலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காலியாகத் தொங்கும் தூளி ஆறேழு வயது அக்காவுக்கும் அண்ணனுக்கும் ஊஞ்சல். உள்ளே உட்கார்ந்து சுற்றிச் சுற்றி முறுக்குவார்கள், துணி கழுத்தில் இறுகிவிடும். கத்தவும் முடியாது. பிள்ளையை எடுத்ததும் புடவையைச் சுருட்டிக் கட்டைக்கு மேலே, எட்டாத உயரத்தில் முடிந்துவிடுங்கள்.